மலையின் உச்சியும் அடிவாரமும்



பிறநாடு போய் வருவோர் கொண்டுவரும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோபுரத்தின் முன் ஒன்று, நீரூற்றின் முன் ஒன்று, சாப்பாட்டு மேசையில் நாலு. எங்கள் அறைவீட்டு விறாந்தையில் இருந்து ஒரு தம்பதியர் எனக்குக் காட்டிய உரோமைப் படங்கள் மொத்தம் ஆறுதான். அந்த ஆறில் மூன்று ஒரே சித்திரத்தின் படங்கள். ஏன் என்று கேட்டேன். அவர்கள் சொன்னதையும், குருமட நாட்களிலிருந்து அந்தச் சித்திரத்தைப் பற்றி நான் அறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2022 செப்டெம்பரில் இருவரும் சுவிசில் உள்ள மகளிடம் போயிருந்தார்கள். திருமணமாகி நாற்பது ஆண்டு நிறைந்ததற்காக மகள் அவர்களை உரோமைக்கு அனுப்பி வைத்தாள். முழுதாக அவர்கள் கையில் இருந்தது ஒரேயொரு நாள். ஊரில் உறவினர் பொறுப்பில் விட்டு வந்த கடைசி மகனுக்கு நாலு வயதிலிருந்து காக்கை வலிப்பு. அந்த ஆண்டு எங்கள் நாட்டு மருந்துக்கடைகள் எந்த நிலையில் இருந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

காலையில் இருவர் கையிலும் இரண்டு பட்டியல்கள். ஆசிரியரின் பட்டியலில் வத்திக்கான் நூதனசாலை, சிஸ்டைன் சிற்றாலயம், புனித இராயப்பர் பேராலயம். அம்மையாரின் பட்டியலில் மகனுடைய மாத்திரை, தபாற் கந்தோர், பத்துச் செபமாலைகள், குதிக்காலுக்கு ஒட்ட ஒரு பிளாஸ்டர். எந்த வீட்டில்தான் இந்த இரண்டு பட்டியலும் இல்லை? பிந்தினால் நூதனசாலையில் வரிசை நீண்டுவிடும் என்று ஆசிரியர் சொல்ல, அம்மையார் முகத்தை நீட்டிக்கொண்டு பின்னால் போனார்.

நூதனசாலைக்குள் நுழைந்த சனத்தில் பெரும்பாலானோர் சிஸ்டைன் சிற்றாலயத்தை நோக்கி ஒரே திசையில் விரைவார்கள். 11ஆம் பத்திநாதர் காலத்தில், 1932இல் திறந்த சித்திரசாலை நுழைவாயிலுக்குக் கிட்ட ஒரு புறமாக இருக்கிறது. ஆகையால் பலர் அதைக் காணாமலே போய்விடுகிறார்கள். எங்கள் தம்பதியரும் அப்படித்தான் போயிருப்பார்கள். ஆனால் அம்மையாரின் கால் கொப்பளித்துவிட்டது. “உமக்குக் கால் நோகுது, உதுக்குள்ளை போய்க் கொஞ்சம் இரும்” என்று ஆசிரியர் சித்திரசாலைக்குள் கூட்டிச் சென்றார். எட்டாவது அறையில் உட்கார்ந்தார்கள். எதிரே இரபாயேல் வரைந்த ‘ஆண்டவரின் உருமாற்றம்’ இருந்தது.

நாலு மீற்றருக்கு மேல் உயரமான பலகைச் சித்திரம் அது. மேற்பாதியில் ஒளிமேகத்தின் நடுவே ஆண்டவர். இருபுறமும் மோயீசனும் எலியாசும். கீழே மலைமேல் மூன்று சீடர்கள் கண்கூசி விழுந்து கிடக்கிறார்கள். இவ்வளவையும் நாங்கள் பல கோவில்களில் பார்த்திருக்கிறோம். கீழ்ப்பாதியோ இருட்டு. இடப்பக்கம் மற்றைய ஒன்பது சீடர்கள். ஒருவர் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறார், என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வலப்பக்கம் ஒரு சிறுவன். ஒரு கை மேலே, மறு கை கீழே முறுகி நிற்க, கண்கள் சொருகியிருக்கின்றன. தகப்பன் அவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறான்.

அம்மையார் கணவரின் கையைப் பிடித்தாராம். “இஞ்சேருங்கோ, அந்தப் பொடியன்ரை கண்ணைப் பாருங்கோ. எங்கடை பிள்ளையின்ரை கண்.”

மத்தேயு, மாற்கு, லூக்காஸ் மூவரும் உருமாற்றத்தை அடுத்து இந்த நோயாளிச் சிறுவனின் கதையைச் சொல்கிறார்கள். மலையில் மூவர் மகிமையைக் கண்டபோது, அடிவாரத்தில் மற்றவர்கள் ஒரு தகப்பனின் முன் கையாலாகாமல் நின்றார்கள். பூசையில் இரண்டு பகுதியையும் வெவ்வேறு நாட்களில் வாசித்துப் பழகிய நாங்கள் இந்தத் தொடர்பைக் கவனிப்பதில்லை. இரபாயேல் கவனித்தார். ஒரே பலகையில் இரு வேறு கதைகளைத் திணித்துவிட்டார் என்று பிற்காலத்தில் சிலர் அவரைக் குறை சொன்னார்கள். செர்மன் கவிஞர் கேத்தே அதை மறுத்தார்: கீழே துன்பமும் தேவையும், மேலே உதவி, இவற்றை எப்படிப் பிரிப்பது என்பது அவர் கேள்வி. கேத்தேயின் எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடல்ல, இது உடன்பாடு.

சித்திரத்தின் வரலாற்றையும் சிறிது சொல்ல வேண்டும். பின்னர் 7ஆம் கிளமெந்து என்ற பெயரில் பாப்பரசரான கர்தினால் ஜூலியோ தெ மேடிச்சி, பிரான்சிலுள்ள நார்பொன் பேராலயத்துக்காக இதைக் கேட்டிருந்தார். அதே ஆலயத்துக்கு லாசர் உயிர்பெற்றெழும் காட்சியை வரையும் வேலை வேறோர் ஓவியருக்குப் போனது. அந்தச் சித்திரம் இன்று இலண்டனில் இருக்கிறது. 1520 ஏப்ரில் 6ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, இரபாயேல் 37 வயதில் இறந்தார். அவருடைய உடலின் தலைமாட்டில் இந்தச் சித்திரத்தை வைத்தார்கள் என்று வசாரி எழுதுகிறார். நார்பொனுக்கு இது போகவேயில்லை. 1797இல் நெப்போலியனின் படை இதைப் பாரிசுக்குக் கொண்டுபோயிற்று. அவன் வீழ்ந்த பின்னரே உரோமைக்குத் திரும்பியது.

அந்தத் தாய் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “சுவாமி, என்ரை பிள்ளைக்குப் பேயோ?”

கேட்கும்போது அவர் குரல் நடுங்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அயலவர் சிலர் அவர் காதில் ஓதி வந்த சொல் அது. மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு ‘நிலாப் பிடித்தவன்’ என்பது நேர்ப்பொருள். அக்காலத்து மக்கள் வலிப்பை அப்படித்தான் அழைத்தார்கள். அது மூளையில் உண்டாகும் நோய், மாத்திரையால் அடக்கக்கூடிய நோய் என்று இன்று நாங்கள் அறிவோம். அந்த அறிவும் ஆண்டவர் தந்ததே. செபியுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிப்பதும், பல்லிடுக்கில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தி, தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விருந்தாளி வந்தால் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்கும் வீடுகளை நான் அறிவேன். நற்செய்தியில் வரும் தகப்பன் ஊர்ச்சனம் கூடி நிற்கும் இடத்துக்கே மகனைக் கொண்டு வந்தான். தன் விசுவாசம் அரைகுறையானது என்றும் மறைக்காமல் ஒப்புக்கொண்டான்.

மூன்று படங்களை எடுத்தவர் ஆசிரியர். “தகப்பன்ரை பிடியைப் பாருங்கோ சுவாமி, இவரும் இப்பிடித்தான் பிடிப்பார்” என்று அம்மையார் சொல்லவும், அவர் எழுந்து முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டைன் சிற்றாலயத்துக்கும் போனார்களாம். சனநெரிசலில் கால் மணி நேரம் கூட நிற்கவில்லை. ஆசிரியர் தன் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை ஒன்றில் அம்மையார் பழைய மாத்திரை அட்டையை நீட்டினார். கடைக்காரப் பெண் பொறுமையாகப் படித்தாள். பெரிய எழுத்தில் இருந்தது கொம்பனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர் சிறிய எழுத்தில், பாதி கிழிந்திருந்தது. (வெளியூர் போகும் வாசகர்களே, அந்தச் சிறிய எழுத்துப் பெயரைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) வைத்தியரின் சீட்டில்லாமல் வலிப்பு மாத்திரை தர முடியாது என்று அவள் சைகையாலும் சொன்னாள். சட்டம் அப்படி, அவளில் பிழையில்லை. பிளாஸ்டர் கிடைத்தது. மகன் அந்த மாதங்களை ஊர்க் கிளினிக்கில் கொடுத்த மாற்று மாத்திரையோடு கழித்தான். இடையில் இரண்டு தடவை வலிப்பு வந்தது.

மிஞ்சியது தபால் வேலை. வத்திக்கானுக்கு 1929 முதல் சொந்த முத்திரை உண்டு. அதை ஒட்டிய கடிதத்தை வத்திக்கானின் மஞ்சள் பெட்டியில் போட வேண்டும். உரோமைத் தெருவிலுள்ள சிவப்புப் பெட்டியில் போட்டால் போகாது. செபமாலை வாங்கிய கடையில் இரபாயேலின் சித்திரம் அஞ்சலட்டையாகவும் இருந்தது. ஆனால் மேற்பாதி மட்டும்: ஆண்டவரும் ஒளிமேகமும். கீழே உள்ளவர்களை வெட்டிவிட்டிருந்தார்கள். அம்மையார் வேண்டாம் என்று விட்டார். கொப்பளித்த காலோடு இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினார்கள். இந்த முறை முன்னால் நடந்தவர் அம்மையார். பைகளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் பின்னால் போனார். மூன்றாவது கடையில் முழுச் சித்திரமும் கிடைத்தது.

மகனின் பெயருக்கு அனுப்பிய அந்த அட்டை, இவர்கள் ஊர் திரும்பிப் பதினொரு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்ததாம். இப்போது அது மாத்திரைப் பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.