மூன்றாவது வீட்டுக்கு வங்கி எவ்வளவு தரும்?

கேள்வி: கேமரன் மலையில் உள்ள தானா ராத்தாவில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க ஆசை. ஏற்கெனவே இரண்டு வீட்டுக் கடன் கட்டி வருகிறேன். வங்கி எவ்வளவு தரும்?

பதில்: மூன்றாவது கடனுக்கு வீட்டு மதிப்பில் 70 விழுக்காடுதான் உச்சம். 2010 நவம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்த வரம்பு இது. வீடு 400,000 ரிங்கிட் என்றால் 120,000 உங்கள் கையிலிருந்து வரவேண்டும். வழக்கறிஞர் கட்டணம், முத்திரை வரி தனி.

வீட்டுக்குப் பதிலாக யாராவது மலிவாகத் தோட்ட நிலம் காட்டினால், முதலில் பட்டாவைக் கேளுங்கள். கேமரன் மலையில் காய்கறி நிலம் பலவும் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் இருந்துவந்தவை. அந்த உரிமத்தைச் சட்டப்படி இன்னொருவருக்கு மாற்ற முடியாது. அடகாக வைத்துக் கடனும் வாங்க முடியாது. தயவுசெய்து, நில அலுவலகத்தில் தேடிப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.