மாணவியரின் முழங்காலைக் காப்போம்

கபடி ஆடும் மாணவி சட்டெனத் திரும்புகிறாள். முழங்காலில் ‘டக்’ என்ற ஒலி. சில மணி நேரத்தில் வீக்கம். உத்திரமேரூர் வட்டாரக் கிராமத் திடல்களிலும் இது நேரலாம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கலாம். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்படுகிறது.

ஏன்? குதித்து இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாய்வதும், தொடையின் பின்தசை வலுக்குறைவும் முக்கியக் காரணங்கள். ஹார்மோனுக்கும் பங்கிருக்கலாம், இத்தசைநாரில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ளன. கருத்தடை மாத்திரை ஹார்மோன் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதால் காயமும் குறையுமா என்று ஆராய்ந்தனர். டென்மார்க்கில் 2014இல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்த பெண்களிடம் இதற்கான அறுவை சிகிச்சை சற்றுக் குறைவு. ஆனால், மாத்திரைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. எனவே, காயத்தைத் தடுக்க மாத்திரை வழியன்று. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

நம் கையில் இருப்பது பயிற்சி. வாரம் இருமுறையேனும் ஆட்டத்துக்குமுன் 20 நிமிடம் மெல்லோட்டம், உட்கார்ந்தெழுதல், ஒற்றைக்கால் நிற்றல், முழங்காலை மடக்கி மெதுவாகக் குதித்திறங்கல் ஆகியவற்றைச் செய்யவையுங்கள். முழங்கால் பாதவிரலுக்கு நேராக இருக்கட்டும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயமுற்ற வினேஷ் போகாட், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். உரிய சிகிச்சை கிடைத்தால் நம் மாணவியும் திடலுக்குத் திரும்புவாள். பத்தாம் வகுப்பில் ஹார்மோன் பாடம் நடத்தும் நாளில், உடற்கல்வி ஆசிரியருடன் சேர்ந்து இதையும் பேசுங்கள்.