வரிசையில் நின்ற பையன்

உங்கள் வீட்டில் செல்போன் இருக்கிறதா? அதில் பச்சை நிறத்தில் ஒரு சின்னம் இருக்கும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அதில் படம் அனுப்புவான். கட்டிக்கொடுத்த மகள் அதில் பேசுவாள். அதுதான் வாட்ஸ்அப்.

அதை உருவாக்கியவர் யார்? பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளையா? இல்லை. அவர் கதையைப் படியுங்கள்.

20 நோட்டுப் புத்தகங்கள்

அவர் பெயர் ஜான் கூம். உக்ரைன் நாட்டில் 1976-ல் பிறந்தார். அப்போது அது சோவியத் நாட்டின் ஒரு பகுதி. கீவ் நகருக்கு அருகே ஒரு சிறிய ஊரில் வளர்ந்தார். வீட்டில் சுடுதண்ணீர் வசதி இல்லை. பள்ளிக்கூடக் கழிப்பறை கட்டிடத்துக்கு வெளியே இருந்தது. கடும் பனியிலும் பிள்ளைகள் வெளியே போக வேண்டும்.

அவருடைய பெற்றோர் டெலிபோனில் அதிகம் பேச மாட்டார்கள். அரசாங்கம் ஒட்டுக் கேட்குமோ என்று பயம். இதை நினைவில் வையுங்கள். பின்னால் வருகிறது.

அவர்கள் யூதர்கள். யூதர்களை வெறுப்பவர்கள் அங்கே இருந்தார்கள். நாட்டு நிலைமையும் சரியில்லை. 1992-ல் அம்மா, பாட்டி, ஜான் மூவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள். ஜானுக்கு அப்போது 16 வயது.

அம்மா பெட்டியில் என்ன வைத்தார் தெரியுமா? பேனாக்களும் 20 நோட்டுப் புத்தகங்களும். புது ஊரில் அவற்றை விலை கொடுத்து வாங்கக் காசு ஏது? பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது என்று பார்த்தார்.

அப்பா பிறகு வருவதாக இருந்தது. அவர் வரவே இல்லை. 1997-ல் உக்ரைனிலேயே இறந்து போனார்.

பழைய புத்தகக் கடை

அவர்கள் கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில் குடியேறினார்கள். அம்மா பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். ஜான் மளிகைக் கடையில் தரை பெருக்கினார். வருமானம் போதவில்லை. அரசு ஏழைகளுக்கு உணவுச் சீட்டு கொடுத்தது. நம் ஊர் ரேஷன் போன்ற உதவிதான். அதற்காக ஜான் வரிசையில் நின்றார். பிறகு அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது.

ஜானுக்குக் கம்ப்யூட்டர் கற்க ஆசை. பழைய புத்தகக் கடையில் புத்தகம் வாங்குவார். படித்து முடிப்பார். அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்படியே 18 வயதுக்குள் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார்.

பிறகு யாஹூ என்ற பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அங்கே பிரையன் ஆக்டன் என்பவர் நண்பரானார். 2000-ல் ஜானின் அம்மா இறந்தார். ஜான் தனி ஆளானார். அந்த நாட்களில் பிரையன் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து ஆதரவாக இருந்தார்.

2007-ல் இருவரும் வேலையை விட்டார்கள். பிறகு பேஸ்புக் நிறுவனத்தில் வேலை கேட்டார்கள். இருவருக்குமே கிடைக்கவில்லை.

"என்ன சேதி?"

2009 பிப்ரவரியில் ஜான் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஆங்கிலத்தில் 'வாட்ஸ் அப்' என்று கேட்டால் 'என்ன சேதி?' என்று பொருள். அதை வைத்தே பெயர் சூட்டினார்.

முதலில் அது செய்தி அனுப்பும் செயலி அல்ல. "வேலையில் இருக்கிறேன்" என்பது போல ஒரு வரி எழுதி வைக்கலாம். அவ்வளவுதான். அதுவும் அடிக்கடி நின்று போனது. ஜான் மனம் தளர்ந்தார். வேறு வேலை தேடலாம் என்றார். இன்னும் சில மாதம் பொறுத்துப் பார் என்றார் பிரையன்.

அந்த ஆண்டே ஒரு மாற்றம் வந்தது. ஒருவர் தம் வரியை மாற்றினால், உடனே நண்பர்களின் போனில் தெரிந்தது. "தூங்கிவிட்டேன்." "இதோ வருகிறேன்." மக்கள் அதை வைத்தே பேசிக்கொண்டார்கள். ஜான் இதைக் கவனித்தார். செய்தி அனுப்பும் வசதியைச் சேர்த்தார்.

இதற்குத் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டாம். போன் நம்பரே விலாசம். விலை குறைந்த போன்களிலும் வேலை செய்தது. அதனால் எளிய மக்களுக்கும் பிடித்தது.

பிரையன் ஒரு தாளில் தம் கொள்கையை எழுதிக் கொடுத்தார். விளம்பரம் வேண்டாம், விளையாட்டு வேண்டாம், வித்தை வேண்டாம். ஜான் அதைத் தம் மேசையில் வைத்திருந்தார்.

அதே கட்டிடம்

2014-ல் வாட்ஸ்அப்பை 45 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். வேலை செய்தவர்களோ சுமார் 55 பேர்தான். அதை வாங்க முன்வந்தது யார்? வேலை கொடுக்காத அதே பேஸ்புக். பேசிய விலை 1,900 கோடி டாலர்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஜான் ஒரு பழைய கட்டிடத்துக்குப் போனார். ஒரு காலத்தில் உணவுச் சீட்டுக்காக அவர் வரிசையில் நின்ற இடம் அது. அதன் கதவில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். அதைப் பார்க்க அம்மா இல்லை.

2016-ல் ஒவ்வொரு செய்திக்கும் பூட்டுப் போட்டார்கள். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கலாம். நடுவில் நிறுவனம்கூடப் படிக்க முடியாது. டெலிபோனில் பேச அஞ்சிய வீட்டில் வளர்ந்தவர் அல்லவா!

2017-ல் பிரையனும் 2018-ல் ஜானும் விலகினார்கள். 2025-ல் வாட்ஸ்அப்பின் ஒரு பகுதியில் விளம்பரமும் வந்தது. நிறுவனத்தை விற்றபின் கொள்கையைக் காப்பது எளிதல்ல.

நம் கையில்

கருவியைச் செய்தவர் ஜான். பயன்படுத்துவது நாம். 2018-ல் நம் நாட்டில் "பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள்" என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. அதை நம்பிய கும்பல்கள் குற்றமற்ற பலரை அடித்துக் கொன்றன. அதன்பின், வந்த செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள்.

பூட்டிய கடிதத்திலும் பொய் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் படிப்பவர்தான். இப்போது நீங்களும் படிப்பவர். முழுதும் படியுங்கள். யார் சொன்னது என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சொல் அறிவோம்

செயலி – செல்போனில் ஒரு வேலையைச் செய்து தருவது. 'ஆப்' என்றும் சொல்கிறோம்.
கடவுச்சொல் – நமக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சொல்.
வதந்தி – உண்மை தெரியாமல் பரவும் பேச்சு.

கலந்து பேசுவோம்

1. ஜானின் அம்மா பெட்டியில் நோட்டுப் புத்தகங்களை வைத்தது ஏன்?
2. ஜான் அந்தப் பழைய கட்டிடத்துக்குப் போய் ஏன் கையெழுத்திட்டார்?
3. உங்கள் ஊரில் வதந்தி பரவியது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

எழுதிப் பாருங்கள்

வெளியூரில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பிறர் உதவி இல்லாமல் நீங்களே அனுப்புங்கள்.