சேமிப்புப் புத்தகமும் அதன் முத்திரையும்

இடம்பெயரும் வேளையில் நம் கையில் வருபவை சிலவே: அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், ஒரு மூட்டை துணி. சேமிப்புப் புத்தகம் பல தடவை லயனிலேயே தங்கிவிடுகிறது. 1977லும் 1983லும் அது தீயில் போனது. 2014இல் மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களையே மூடியது. புத்தகம் போனால் காசும் போய்விட்டது என்று எண்ணி நம்மில் பலர் தேடாமலே விட்டுவிடுகிறோம். அந்த எண்ணம் சரிதானா? தபாற்கந்தோர் சேமிப்பின் வரலாற்றைப் படித்தால் விடை கிடைக்கும்.

துண்டும் புத்தகமும்

தோட்டங்களில் நம் முன்னோரைப் பற்றி எழுதப்பட்ட பழைய காகிதங்களுள் ஒன்று 'துண்டு'. தொழிலாளரின் கடனை இன்னொரு தோட்டம் செலுத்தினால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. கங்காணியிடம் பட்ட கடனே அதில் தொழிலாளியின் விலையாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

சேமிப்புப் புத்தகம் இதற்கு நேர்மாறானது. தொழிலாளி பிறருக்குக் கொடுக்க வேண்டியதைத் துண்டு சொன்னது. பிறர் அவருக்குக் கொடுக்க வேண்டியதைப் புத்தகம் சொல்கிறது. அதுவும் கங்காணியின் பெயரில் அல்ல, அவருடைய சொந்தப் பெயரில்.

ஒரு பென்னி முத்திரை

இங்கிலாந்தில் ஏழைகள் சிறிய சேமிப்பு வங்கிகளில் போட்ட பணத்தைச் சில இடங்களில் நிருவாகிகளே கையாடினார்கள். எனவே 1861இல் அரசாங்கமே தபாற்கந்தோர்கள் வழியாகச் சேமிப்பு வங்கியைத் தொடங்கியது. உள்ளூர்த் தபாலதிபர் பணத்தைப் புத்தகத்தில் எழுதித் திகதி முத்திரை குத்துவார். அன்றே தலைமையகத்துக்கும் அறிவிப்பார். தலைமையகம் பணம் போட்டவருக்கு நேரே பற்றுக் கடிதம் அனுப்பும். கடிதம் வராவிட்டால் அவர் விசாரிக்கலாம். இவ்வாறு ஒரே கணக்கு இரண்டு இடங்களில் இருந்தது.

ஆனால் குறைந்தது ஒரு ஷிலிங், அதாவது 12 பென்ஸ் இருந்தால்தான் பணம் போட முடியும். கூலிக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் அது பெரிய தொகை. 1880இல் தபால் மா அதிபராக இருந்த ஹென்றி பாசெட் இதற்கு வழி கண்டார். இவர் இரு கண்களும் பார்வையற்றவர். 12 கட்டங்கள் கொண்ட தாளில் ஒவ்வொரு பென்னி முத்திரையாக ஒட்டி, தாள் நிறைந்ததும் கொடுத்தால் ஒரு ஷிலிங்காகக் கணக்கில் சேரும். சிறு துளியும் சேரும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டில்

இலங்கைச் சேமிப்பு வங்கி 1832இல் கொழும்பில் தொடங்கியது. பின்னர் கோப்பிச் செடிகளில் நோய் பரவி மலைநாட்டுத் தோட்டங்கள் சரிந்தன. 1884 மே மாதத்தில் ஒறியன்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகள் வெறும் காகிதமாகாதபடி தேசாதிபதி ஆதர் கோர்டன் அரசின் உத்தரவாதத்தை வழங்கினார். அடுத்த ஆண்டு, 1885இல், தபாற்கந்தோர் சேமிப்பு வங்கி ஏற்பட்டது.

1971ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்படி இவ்விரண்டும் வேறு சேமிப்பு அமைப்புகளோடு இணைந்து, 1972இல் தேசிய சேமிப்பு வங்கியாயின. பழைய வைப்புகளின் பொறுப்பும் புதிய வங்கிக்கு வந்தது. அதன் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. இன்றும் தபாற்கந்தோர்களில் அதன் கணக்கில் பணம் போடலாம்.

ஆயினும் மலையக மக்களுக்கு இந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. நுவரெலியாவின் செங்கல் தபாற்கந்தோர் 1894இல் கட்டப்பட்டது. ஆனால் லயன் அறைகளுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். அக்குறையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. அடையாள அட்டை இல்லாதவர் கணக்குத் திறப்பது எப்படி? ஆகவே நம்மவர் சேமிப்பு நகையாகவும் மாடாகவும் சீட்டுக் காசாகவும் இருந்தது. நகை அடகுக் கடைக்குப் போனது. ஓடும்போது மாட்டைக் கொண்டுபோக முடியவில்லை.

தேடும் முறை

கணக்கு இரண்டு இடத்தில் இருப்பதால், நம் கையிலுள்ள புத்தகம் அழிந்தாலும் வங்கியின் பதிவேடு அதனோடு அழிவதில்லை. காணாமற்போன வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் உவமையை நாம் அறிவோம். அவளைப் போல ஒழுங்காகத் தேடுவோம்.

1. பழைய புத்தகம் இருந்தால் எறியாதீர்கள். கணக்கிலக்கம், பெயர், கடைசி மீதி ஆகியவற்றை வேறு தாளில் எழுதுங்கள்.

2. திகதி முத்திரையை வெளிச்சத்தில் பாருங்கள். எந்தத் தபாற்கந்தோர், எந்த ஆண்டு என்று அது சொல்லும். அட்டன் என்றோ நுவரெலியா என்றோ தெரிந்தால் விசாரிக்கும் இடம் தெளிவாகும்.

3. புத்தகம் இல்லையென்றால் முதியோரிடம் கேட்டு, கணக்குக்காரரின் பெயர், அன்றைய தோட்டம், தபாற்கந்தோர், ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றைக் குறியுங்கள்.

4. தோட்டப் பதிவில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருக்கலாம். அப்படியானால் இருவரும் ஒருவரே எனச் சத்தியக் கடதாசி கேட்கக்கூடும்.

5. இறந்தவரின் கணக்கானால் மரண அத்தாட்சிப்பத்திரமும், உறவைக் காட்டும் பத்திரங்களும் வேண்டும்.

6. இவற்றோடு தேசிய சேமிப்பு வங்கிக் கிளையில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் தொகை சிறிதாக இருக்கலாம். ஆனாலும் அது கொழுந்து பறித்த கையின் உழைப்பு. இனித் திறக்கும் கணக்கின் இலக்கத்தை நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் எழுதிக் கொடுத்து வைப்போம்.

குழுவில் கலந்துரையாட

1. நம் குடும்பங்களில் முன்னோர் எவ்வகையில் சேமித்தார்கள்? இடம்பெயர்ந்தபோது அவற்றுள் எது மிஞ்சியது?

2. நம் குழுவில் பழைய புத்தகம் வைத்திருப்போர் யார்? தொலைத்தோர் யார்? அடுத்த கூட்டத்துக்கு முன் யாருடன் யார் வங்கிக்குப் போவது?

3. வீட்டுப் பெண்ணின் பெயரில் கணக்கு இருந்தால் குடும்பத்தில் என்ன மாறும்?