சர்க்கரைக்காரர் வீட்டு அஞ்சறைப் பெட்டி

ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தால் கண், சிறுநீரகம், பாதம் இவற்றுக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடி வாங்கும். கீழே உள்ளவை மாத்திரைக்குத் துணைதான், மாற்று இல்லை தோழிகளே!

1. வெந்தயம் ஊறிய தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு விதையைக் கொட்டாதீர்கள். சர்க்கரை மெதுவாக ஏற உதவும் நார்ச்சத்து விதையில்தான் இருக்கிறது. மெல்லப் பிடிக்காவிட்டால் தோசை மாவோடு அரைத்துவிடுங்கள்.

2. நெல்லிக்காய் மலிவாகக் கிடைக்கும்போது இஞ்சி சேர்த்து அரைத்து, வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். தினம் ஒரு கட்டியை மோரில் போட்டால் வேலை முடிந்தது. ஊறுகாயாகப் போட்டால் உப்பு கூடி பிரஷர் ஏறும். குழாய்களுக்கு அது இன்னொரு பகை.

3. பட்டைப் பொடியைத் தினமும் சேர்ப்பவர்கள் தடித்த, ஒற்றைச் சுருள் பட்டையைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள கூமரின் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். மெல்லிய அடுக்கடுக்கான சிலோன் பட்டை விலை கூடுதல்தான், ஆனால் கையாலேயே நொறுங்கும், மிக்ஸி வேண்டாம்.

4. பூண்டை நசுக்கி பத்து நிமிடம் விட்டு அடுப்பில் போடுங்கள், அதன் சத்து அப்போதுதான் கூடி வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பச்சைப் பூண்டை அதிகம் தின்ன வேண்டாம்.

5. கல்யாண வீட்டில் ஜாங்கிரி கண்ணை இழுக்கிறதா? பந்தியில் உட்காருமுன் இரண்டு சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்றுகொள்ளுங்கள். கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது, வெறும் சர்க்கரை மணல் மாதிரி இருக்கும்.

6. ஆவாரம்பூவை நிழலில் உலர்த்தி, சுக்குத் தட்டிப்போட்டு டீயாகக் குடிக்கலாம். கருப்பட்டியோ தேனோ சேர்த்தால் சர்க்கரை போட்ட கணக்குத்தான்.

7. மஞ்சளுக்குத் தனி மாத்திரை எதற்கு? குழம்பில் எண்ணெயும் மிளகும் சேர்ந்தாலே அது உடம்பில் நன்றாகச் சேரும்.

8. பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி எதையும் தினமும் சாப்பிடத் தொடங்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையும் இதுவும் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்வையும் படபடப்பும் வரலாம்.

9. லேபிள் இல்லாத 'சர்க்கரைப் பொடி' பாக்கெட்டை வாங்கவே வேண்டாம், உள்ளே என்ன கலந்திருக்கிறதோ!

10. பாதமும் அடி வாங்கும் என்றோமே, அதைத் தினமும் பாருங்கள். குனிந்து பார்க்க முடியாதவர்கள் பழைய முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிடலாம். புண் தெரிந்தால் மஞ்சள் பற்று, வேப்பிலை அரைப்பு என்று கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.