பயணத்தில் வாங்கியதை எங்கே வைப்பது?

ஊர் சுற்றிவிட்டு வந்து பெட்டியைத் திறந்ததும், வாங்கியதையெல்லாம் டிவி பக்கத்தில், ஜன்னல் திண்டில், ஷோகேஸ் மூலையில் என்று காலியாகக் கிடக்கும் இடங்களில் செருகிவிடுகிறோம். பொருள் எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். அதற்கான இடம் தானாகப் புலப்படும்.

1. சென்னபட்டணா மரப்பொம்மைக்கு நிறம் தருவது அரக்கு. கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள்; உரசும் சூட்டில் அது இளகி மரத்தில் படியும். சூட்டில் ஏறிய நிறம் சூட்டுக்கே இளகும் என்பதால் அடுப்பு மேடையும் வெயில் விழும் ஜன்னலும் இதற்கு ஆகாது. மெருகேற்றத் தாழை ஓலையால் தேய்ப்பது அங்கே வழக்கம். நமக்கு உலர்ந்த பருத்தித் துணி போதும்.

2. கொண்டபல்லி பொம்மைகள் எடை குறைந்த மரத்தில் செய்தவை. கை கால்களை மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து ஒட்டியிருப்பார்கள். ஈரத்துணி படவே கூடாது. தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். தசாவதாரம் போன்ற செட்டைப் பிரித்து அறைக்கு ஒன்றாக வைத்தால் அழகு போய்விடும்.

3. பீதர் நகரத்து பித்ரி ஜாடியைப் பார்த்ததும் புளி போட்டுத் துலக்கக் கை பரபரக்கும். வேண்டாம். துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் கலந்த உலோகத்தில் வெள்ளிக் கம்பி பதித்து, பீதர் கோட்டை மண் கலந்த கரைசலால் அந்தக் கறுப்பை வரவழைக்கிறார்கள். புளியும் பித்தளைப் பொடியும் அதை அரித்துவிடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கறுப்பு ஆழமாகும், வெள்ளி எடுப்பாகத் தெரியும். தேக்கு நிற அலமாரிக்குள் இது காணாமல் போகும். வெளிர்நிறச் சுவரின் முன்னால் தனியாக வையுங்கள்.

4. பூரி பக்கம் ரகுராஜ்பூரில் வாங்கிய பட்டச்சித்திரத்தை மடிக்காதீர்கள். புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசி விறைப்பாக்கிய துணி அது. மடித்த இடத்தில் வண்ணம் வெடிக்கும். சுருட்டிக் கொண்டுவந்து சட்டம் போடும்போது, கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக் கிடந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். குளியலறையை ஒட்டிய சுவரும் சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் தவிர்க்க வேண்டியவை. எங்கே மாட்டினாலும் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 5 அடியில் இருக்கட்டும். தாத்தா பாட்டி படங்களைப் பரணுக்குக் கீழே மாட்டிப் பழகியதால் எல்லாவற்றையும் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு ஏற்றிவிடுகிறோம்.

5. கட்ச் பகுதி அஜ்ரக் துணியை ஆணியடித்துத் தொங்கவிட்டால் அதன் எடையே அதைக் கிழிக்கும். மேல் ஓரம் முழுக்க பின்பக்கம் ஒரு பட்டை தைத்து, அதற்குள் திரைச்சீலைக் கம்பியைச் செருகுங்கள். கண்ணாடி பதித்த மெத்தை உறைகளும் சுவருக்குத்தான் நல்லது. சோபாவில் போட்டால் சாய்கிறவர் முதுகைக் குத்தும்.

6. ஜெய்ப்பூர் நீலக் கிண்ணத்தில் வழக்கமான பானைக் களிமண் கிடையாது. படிகக்கல் பொடி, கண்ணாடித் தூள், முல்தானி மட்டி ஆகியவற்றின் கலவை. எளிதில் உடையும். சூடான சாம்பாருக்கு உதவாது, சாவி போட்டுவைக்கலாம்.

7. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டியதில்லை. கொலு பொம்மைகளைப் பெட்டியில் வைத்து எடுக்கிற வீடுகளுக்கு இது பழகிய வேலைதான். ஓர் அலமாரிக்குக் கொள்ளும் அளவை மட்டும் வெளியே வைத்து, பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது மாற்றுங்கள். அடுக்கும்போது ஊர்வாரியாகப் பிரிக்காமல் பித்தளையோடு பித்தளை, மரத்தோடு மரம் என்று சேர்த்தால், பஸ்தர் டோக்ரா சிலையும் நாச்சியார்கோவில் விளக்கும் ஒரே தட்டில் பொருந்தும்.

8. ஃபிரிட்ஜ் காந்தங்களுக்கு சமையலறைச் சுவரில் ஓர் இரும்புத் தகடு. எவர்சில்வர் தகட்டில் பெரும்பாலும் ஒட்டாது. கடைக்குப் போகும்போது காந்தம் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள்.

9. பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி இரண்டையும் யார் விற்றாலும் வாங்காதீர்கள். இவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்குபவை, வைத்திருப்பதே குற்றம்.

10. ஒவ்வொரு பொருளின் அடியிலும் ஊரும் ஆண்டும் எழுதிய சிறு காகிதத்தை ஒட்டுங்கள்.

11. பஸ் டிக்கெட், போர்டிங் பாஸ் ஆகியவற்றைச் சட்டம் போட நினைத்தால், முதலில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பல டிக்கெட்டுகள் இப்போது சூட்டில் எழுத்து பதியும் தாளில் வருகின்றன. கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். லேமினேஷன் செய்தால் அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துப்போகும். பிரதியைச் சட்டத்தில் போட்டு, அசலை இருட்டான இழுப்பறையில் வையுங்கள்.