பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது: ரோட்டில் போவதா, விமானத்தில் போவதா?

அவசரக் கடன் என்றாலே நம் குழுக்களில் முதலில் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரிச் செலவுதான். இப்போது அதில் ஒரு புதுப் பேச்சும் சேர்ந்திருக்கிறது. “ஏர் ஆம்புலன்ஸ் வச்சாவது சென்னைக்குக் கொண்டு போயிடலாம்” என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். விமானம் என்றால் வேகம், வேகம் என்றால் உயிர் பிழைக்கும் என்று மனசில் பதிந்து விட்டது. ஐ.சி.யூ. வாசலில் நின்று கொண்டு யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. அதனால் இப்போதே கணக்குப் போட்டுப் பார்த்து விடுவோம். கணக்கு நமக்கு என்ன புதுசா?

முதலில் நேரக் கணக்கு. ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். தேனி பக்கத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து விட்டது. சென்னைக்கு விமானத்தில் போகணும் என்கிறார்கள். தேனியில் விமான நிலையம் கிடையாது. மதுரைக்குத்தான் வரவேண்டும். அதற்கே ஆம்புலன்ஸில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். விமானம் நமக்காக மதுரையில் காத்துக் கொண்டு நிற்காது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவேண்டும். பணம் கட்டி, அனுமதி வாங்கி, அது வந்து சேர மூன்று, நான்கு மணி நேரம் கூட ஆகலாம். நோயாளியை ஏற்ற அரை மணி. பறப்பது ஒரு மணி நேரம்தான். சென்னையில் இறக்கி, இன்னொரு ஆம்புலன்ஸில் ஏற்றி, டிராஃபிக்கில் ஆஸ்பத்திரி போக இன்னும் ஒரு மணி. ஆக, கட்டிலிலிருந்து கட்டிலுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். ரோட்டிலேயே போனால் ஒன்பது மணி நேரம் ஆகலாம். மிச்சம் மூன்று மணி நேரம். அதற்குச் செலவு சில லட்சங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விமானம் ஏற வந்த மதுரையிலேயே மூளை, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவோடு அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டித்தான் விமானத்துக்குப் போகிறோம்! ரத்தக் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சென்னைக்குப் பறந்தால் அந்த நேரம் வழியிலேயே தீர்ந்து போகும். ஸ்கேனும் அந்த ஊசியும் எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கோ, அதுதான் அந்த நேரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி. மாரடைப்புக்கும் இதே கணக்குதான். பிரசவத்தில் ரத்தப் போக்கு என்றால் கேட்கவே வேண்டாம், நிமிஷக் கணக்கு. பிரசவ நேரத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்தால், மெக்னீசியம் ஊசியின் முதல் டோஸைப் போட்டு விட்டுத்தான் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். போட்டாச்சா என்று கூடப் போகிறவர் கேட்கலாம், தப்பில்லை.

அடுத்தது உடம்பு தாங்குமா என்பது. கொடைக்கானல் மலை ஏறும்போது காது அடைக்கும். கையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிக் கொள்ளும். பார்த்திருப்பீர்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை உயரத்து அழுத்தம்தான். பாக்கெட்டில் உப்புகிற காற்று உடம்புக்குள்ளேயும் உப்பும். விபத்தில் விலா உடைந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கியவர், குடல் அடைப்பு உள்ளவர், வயிற்றில் இப்போதுதான் ஆபரேஷன் முடிந்தவர், இவர்களுக்கு இது ஆபத்து. நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் ஏற்றலாம். ஆக்சிஜனும் மேலே குறைவு என்பதால், கீழே சமாளித்துக் கொண்டிருந்தவருக்கு மேலே மூச்சு வாங்கும். ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டார். பார்க்கும் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்போ விமானமே வேண்டாமா? அப்படியில்லை. அந்தமானில் நம் தமிழ் மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே வேறு வழி கிடையாது. வடமாநிலத்தில் வேலைக்குப் போனவரை ஊருக்குக் கொண்டு வரவும் விமானம் உதவும். ஆனால் தனி விமானம்தான் என்றில்லை. சில நிறுவனங்கள் பயணிகள் விமானத்திலேயே சில இருக்கைகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் போட்டுக் கொடுக்கின்றன. டாக்டர் சான்று வேண்டும், ஓரிரு நாள் முன்பே சொல்ல வேண்டும். நிலைமை சீரானவர்களுக்கு இது போதும், செலவும் பல மடங்கு குறைவு. மத்தியப் பிரதேசத்தில் 2024-ல் அரசே ஏர் ஆம்புலன்ஸ் தொடங்கி, ஆயுஷ்மான் அட்டைக்காரர்களுக்கு இலவசமாக விட்டது.

ரோட்டில் போவதிலும் ஏமாறலாம். சைரன் வைத்த வேன் எல்லாம் ஆம்புலன்ஸ் ஆகாது. மூச்சுத் திணறல் உள்ளவருக்கு வெண்டிலேட்டர், மானிட்டர், பயிற்சி பெற்ற ஆள் மூன்றும் வேண்டும். ஆக்சிஜன் எவ்வளவு இருக்கு என்று கேளுங்கள். சின்ன பி-டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிஷம், அதாவது இரண்டரை மணி நேரம்தான். எட்டு மணி நேரப் பயணத்துக்கு 4,800 லிட்டர் வேண்டும். ஒரு சின்ன சிலிண்டரோடு கிளம்பினால் பாதி வழி கூடத் தாங்காது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்ற 108 காசு வாங்காது. பச்சைக் குழந்தைகளுக்கென்று தனி வண்டியும் அதில் உண்டு. டூட்டி டாக்டரிடம் கேட்டால் ஏற்பாடு செய்வார்.

எதில் போனாலும், போகிற இடத்தில் பெட் இருக்கிறதா என்று தெரியாமல் கிளம்பாதீர்கள். “அங்கே பார்த்துக்குவாங்க” என்பது பதில் இல்லை. ஏற்றுக் கொண்ட டாக்டரின் பெயரை எழுதி வாங்குங்கள். ரெஃபர் சீட்டு, ஸ்கேன் படம், கொடுத்த மருந்துகளின் விவரம் கையில் இருக்க வேண்டும். காப்பீடு இருந்தால் பயணச் செலவு அதில் சேருமா என்பதையும் அதே போனில் கேட்டு விடுங்கள்.

கூட்டத்தில் பேச: நம் ஊரிலிருந்து தலை ஸ்கேன் வசதியுள்ள அரசு ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர்? ராத்திரி இரண்டு மணிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? விசாரித்து, தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.